நம்பிக்கையா, உரிமையா? – வழிபாட்டுக் கலைச்சொற்கள் குறித்து ஒரு மதிப்பீடு

சமய ஆய்வின் அடிப்படைக் கருத்துகளைத் தமிழில் எடுத்துரைக்கும் நூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் மதம், சமயம், சிறுதெய்வம், ஆவி வழிபாடு, நம்பிக்கை ஆகிய சொற்கள் பெரும்பாலும் வரையறையின்றிப் பயின்று வருகின்றன. இவை பொருளைப் பெயரிடுவதோடு நில்லாமல் அதனைத் தரப்படுத்தியும் விடுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொதுச்சொற்களைக் காண்போம். தமிழும் மராத்தியும் அருகருகே வழங்கும் மும்பைத் திலக் நகர் போன்ற பகுதிகளில் இச்சிக்கல் எளிதில் புலப்படும். மராத்தியில் 'தர்ம' என்பது 'ரிலிஜன்' என்பதற்கு நிகரானது. தமிழில் தருமம் அறத்தையும் ஈகையையும் குறிக்கும். தமிழில் சமயநெறியைக் குறிக்கும் 'மதம்', மராத்தியில் கருத்தையும் தேர்தல் வாக்கையும் குறிக்கிறது. 'சமய' அங்குக் காலம். இங்குக் காலமும் நெறியும். மூன்றும் வடசொற்களே, எனினும் எதுவும் 'ரிலிஜன்' என்பதற்கு ஈடாகத் தோன்றியதன்று. மணிமேகலையின் 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யில் சமயம் என்பது வாதிட்டு நிறுவப்படும் கோட்பாடாகும். உலகாயதம் சார்ந்த பூதவாதிக்கும் அங்கு இடமுண்டு. ஊர்த்தெய்வத்திற்குப் படையலிடுவோர்க்கு இடமில்லை.

'சிறுதெய்வம்' என்பதன் வரலாறும் கருதத்தக்கது. அச்சொல் ஏழாம் நூற்றாண்டில் அப்பர் தேவாரத்திலேயே ஆளப்பட்டுள்ளது. அங்கு அது சிவநெறியாளரின் மதிப்பீடு. அவர்க்கு அது இயல்பே. அம்மதிப்பீட்டை ஆய்வாளர் வகைப்பாடாகக் கொள்வதுதான் பொருந்தாதது. மாரியம்மனைச் சிறுதெய்வம் என வகுத்தால், பெருந்திரளானோர் வழிபடும் சமயபுரத்தை எவ்வகையில் அடக்குவது? 'நாட்டார் தெய்வம்' என்னும் சொல் இழிவை நீக்குகிறது. ஆயினும் இருமைப் பகுப்பை அப்படியே விட்டுவைக்கிறது.

எட்வர்டு டைலர் 1871-இல் வெளியிட்ட நூலில் 'அனிமிசம்' என்பதை ஆன்மிக உயிரிகளில் கொள்ளும் நம்பிக்கை என விளக்கி, எல்லாச் சமயங்களுக்கும் அதுவே அடிப்படை என்றார். அவர் கொள்கை படிமலர்ச்சி ஏணியைச் சார்ந்தது. எனினும் வரையறை பொதுவானது. அதனை 'ஆவி வழிபாடு' எனப் பெயர்த்ததும் அப்பொதுமை மறைந்து பேய் வழிபாடு என்னும் பொருள் மேலோங்குகிறது. கிறித்தவத் தமிழில் 'பரிசுத்த ஆவி' என்னும் தொடர் வழங்குகிறது. ஆயினும் கிறித்தவத்தை எவரும் ஆவி வழிபாடு என வகுப்பதில்லை.

இவற்றினும் நுட்பமாகச் செயற்படுவது 'நம்பிக்கை'. பெருநெறிகளுக்குத் தத்துவம், கொள்கை என்னும் சொற்களை ஒதுக்கிவிட்டு, பழங்குடியினர்க்கும் சிற்றூரார்க்கும் நம்பிக்கைகளை மட்டுமே நம் ஆய்வேடுகள் அளிக்கின்றன. பல்லி சொல்லும் பலனும் குலசாமிக்குச் செய்யும் கடனும் ஓரியலில் இடம்பெறுகின்றன. உள்ளத்து நம்பிக்கையைச் சமயத்தின் மையமாகக் கொள்ளும் வரையறை கிறித்தவ வரலாற்றின் விளைவு என்று தலால் அசத் 1993-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். திருநெல்வேலி வழக்கு அவர் கருத்திற்கு அரண் செய்கிறது. அங்கு வினா "எதை நம்புகிறீர்கள்?" என்பதன்று, "உங்களுக்குச் சாஸ்தா எது?" என்பதே. சுடலைமாடனுக்குக் 'கொடை கொடுக்கிறார்கள்', சாமி 'ஆடுகிறார்கள்', கோயில் 'எங்களுக்குப் பாத்தியப்பட்டது' என்கிறார்கள். தாராவியில் வாழும் திருநெல்வேலித் தமிழர் கொடைக்கு ஊர் செல்வதும் இவ்வுரிமை பற்றியே. இச்சொற்கள் கொடுத்தலையும் உரிமையையும் சுட்டுகின்றன. நம்புதலைச் சுட்டுவன அல்ல.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 'அனிமிஸ்ட்' தனிப்பிரிவாக இருந்தது. 1931-இல் பழங்குடிச் சமயம் என்னும் பெயர் வழங்கியது. பின்னர் அப்பிரிவு நீக்கப்பட்டது. 2011-இல் ஆறு சமயங்களுக்கே குறியீட்டெண் இருந்தது. ஏனையோர் பெயரை எழுத வேண்டும். ஏறத்தாழ 49 லட்சம் பேர் 'சர்னா' என எழுதினர். தனிக் குறியீடு வேண்டுமென 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. பெயரில்லாதது எண்ணிக்கையிலும் இடம்பெறாது என்பதற்கு இது சான்று.

ஒவ்வொரு சமூகத்தின் சொல்லையும் அப்படியே ஆண்டால் ஒப்பாய்வு இயலாது என்பர். பொதுச்சொல் தேவையே, அது தரவரிசை சுமவாததாக இருத்தல் வேண்டும். 'வழிபாட்டு மரபு' என்பது அனைத்து நெறிகளுக்கும் பொருந்தும். 'அனிமிசம்' கோட்பாட்டின் பெயராக நிற்கட்டும். மக்களின் சமயப் பெயராக வேண்டா. 'நம்பிக்கை' என எழுதுமுன், அம்மக்கள் அவ்வினையை ஆள்கின்றனரா என நோக்குதல் வேண்டும். ஆளாதவிடத்து அவர்கள் ஆளும் வினையே கலைச்சொல்லுக்கு வேராகத் தக்கது.