மூடுபனிக்கு முந்திய நான்கு மணி நேரம்

பழைய தூண்டிற் படகொன்றைச் செப்பனிட்டுப் புது நிறம் பூசும் கலையை மதிப்பிட விரும்பும் ரசிகர் முதலில் தேட வேண்டியது, நிறத்தின் அடியில் மறைந்துபோன வேலையையே. பளபளப்பைப் பத்து நாட்களில் யாரும் கொடுத்துவிட முடியும். அந்தப் பளபளப்பு ஐந்தாவது மழைக்காலத்திலும் நிற்க வேண்டுமானால், சுரண்டுவது, தட்டிக் கேட்பது, தேய்ப்பது, காத்திருப்பது என்று வெளியே தெரியாத உழைப்பு அதற்குக் கீழே படிந்திருக்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில் தூண்டில் விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோட்டத்துரைமார் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீன் குஞ்சுகளை விட்டபோது தொடங்கிற்று. ஆனால் அது கரையில் நின்று ஆடும் விளையாட்டு. படகுக்கு இடம் கொடுக்கும் பரந்த நீர்ப்பரப்புகள் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் அமைந்த பின்னரே மலையக ஊரான கொட்டகலையின் சுற்றுவட்டாரத்துக்குக் கிடைத்தன. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கமும் அவற்றோடு சேர்ந்தது. இத்தகைய நீரில் மிதப்பவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள், அதாவது கண்ணாடி நூலாலான ‘மெட்’ விரிப்பில் ரெசின் என்னும் பசைத்திரவத்தை ஊறவைத்து, அச்சில் இறுகச் செய்த ஓடுகளாகும். இலங்கைத் தமிழர் இவற்றைச் செய்யும் தொழிலுக்குப் புதியவர் அல்லர். 1967இல் நோர்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட சீநோர் நிறுவனம் காரைநகரில் இப்படகுகளைச் செய்தது.

நல்ல கைவினைஞர் பழைய படகைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்க்கிறார். சிறு சுத்தியலின் பிடிப்புறத்தால் ஓட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிச் செல்லும்போது, திடமான இடம் ‘டங்’ என்று கூர்மையாக ஒலிக்க, உள்ளே நீர் புகுந்து அடுக்குகள் பிரிந்த இடம் ‘பொத்’ என்று மந்தமாகிவிடுகிறது. தப்பு மேளத்தைத் தீயில் காட்டித் தோலின் பதத்தை விரலால் அறியும் மலையகக் கலைஞரின் செவிக்கும் இந்தச் செவிக்கும் உறவு உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையைத் தட்டும்போது அவர் நிதானிக்கிறார், ஏனெனில் பழைய படகுகள் பலவற்றில் அதன் நடுவே ஒட்டுப்பலகை பொதிந்திருக்கும். ஆணித்துளை ஒன்றின் வழியே கசிந்த நீர் போதும், அது வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கரும்புச் சக்கைபோல் நொய்ந்துவிட. அதை வெட்டியெடுத்துப் புதுப்பலகை பொருத்தாமல் மேலே நிறம் பூசுவது படகுக்குச் செய்யும் துரோகமே.

அடிப்புறத்தில் காணப்படும் கொப்புளங்கள் மற்றொரு பாடம். ஓட்டின் வெளித்தோலான ஜெல்கோட் வழியே நுண்ணிய அளவில் நீர் ஊடுருவி, உள்ளிருக்கும் கரையும் பொருள்களோடு சேர்ந்து அழுத்தத்தை உண்டாக்குவதால் இவை தோன்றுகின்றன. உப்பு நீரைவிட நன்னீரே இதை விரைவாகச் செய்கிறது. எனவே மலையின் மென்மையான நீர் படகுக்கு இதமானது என்று நம்புவது தவறு. கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரியை ஒத்த புளித்த வாசனையுடன் திரவம் வடிகிறது. அதன் பின் குழியைத் திறந்து கழுவி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எப்பொக்சிப் பசையால் நிரப்புவதே முறை. சேதம் ஆழமானதாயின், அதன் விளிம்பை ஓட்டின் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதிய ‘மெட்’ அடுக்குகளை அந்தச் சரிவில் படியவைக்கிறார்கள். பழையதும் புதியதும் ஒன்றையொன்று பற்றும் பரப்பு அப்போதுதான் போதுமானதாகிறது.

கொட்டகலையில் இக்கலை தனக்கே உரிய ஒரு கடினத்தைப் பெறுகிறது. சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கும் இவ்வூரில் காலைப் பனி விலகப் பத்து மணியாகும். பிற்பகல் இரண்டு மணிக்கே மலையிடுக்கில் மூடுபனி எட்டிப் பார்க்கலாம். இரு பகுதிகளைக் கலந்து பூசும் பொலியூரித்தேன் நிறம் இறுகுமுன் ஈரத்தைத் தொட்டால் அதன் மினுக்கம் மங்கிப் பால்போல் வெளுத்துவிடும். ஆகவே, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையாகிய பனிபடுநிலையைவிடப் படகின் மேற்பரப்பு குறைந்தது 3 பாகை செல்சியஸ் சூடாக இருக்கும் வேளையிலேயே தூரிகை எடுக்கப்பட வேண்டும். குளிரில் இறுகாது நிற்கும் ரெசினுக்கு அவசரத்தில் இறுக்கும் மருந்தைக் கூட்டி ஊற்றுவதும் பலரும் செய்யும் பிழை. அது ஓட்டை உடையக்கூடியதாக்குகிறது. வெயில் ஏறும்வரை பொறுத்திருப்பதே கலைஞரின் மருந்து.

இக்கணக்கு தேயிலை மக்களுக்கு அந்நியமானதன்று. தொழிற்சாலையில் கொழுந்து வாடும் மாடியிலும் உருட்டும் அறையிலும் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் தொங்குகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்த்துக் காற்றின் ஈரத்தை அறியும் பழக்கம் இங்கு தலைமுறைகளாக இருக்கிறது. இப்பகுதியின் டிம்புலத் தேயிலை தன் மணத்தின் உச்சத்தை எட்டும் தை முதல் பங்குனி வரையான உலர்ந்த காற்றின் மாதங்களே படகுக்கு நிறம் பூசவும் உகந்தவை என்பது, இந்த நிலம் தன் இரண்டு கலைகளுக்கும் ஒரே நாட்காட்டியைத் தந்திருப்பதைக் காட்டுகிறது.

பூசும் முறையில் ஒருவர் உருளையால் மெல்லிய படலமாக இட்டுச் செல்ல, மற்றவர் உடனே பின்தொடர்ந்து, தூரிகையின் நுனியால் ஒரே திசையில் தடவி உருளையின் சுவடுகளை அழித்துவிடுகிறார். இடையில் தயங்கினால் கோடு விழும். பின்னர் தூண்டிற்கம்பு தாங்கிகளையும் பிடிகம்பிகளையும் திரும்பப் பொருத்தும்போது, ஆணித்துளையைப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பின் உரிய அளவில் மறுபடி துளைக்கும் கைவினைஞர், அடுத்த பதினைந்து ஆண்டுகளின் கசிவை அன்றே தடுத்துவிடுகிறார்.

வேலையின் தரத்தைச் சோதிக்கப் பிற்பகலின் சாய்ந்த ஒளி போதும். கரையில் கவிழ்த்துவைத்த படகின் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பவருக்கு எதிர்ச்சரிவின் தேயிலை வரிசைகள் அதில் தெரியும். நிரப்புப் பசை சரியாகத் தேய்க்கப்படாத இடத்தில் வரிசை நெளிகிறது, கை பொறுமையாகச் சென்ற இடத்தில் அது அணியத்திலிருந்து பின்பலகைவரை அறுபடாமல் ஓடுகிறது.