கோப்பியின் வீழ்ச்சியும் தலைமையின் கடனும்

பழைய தெல்தெனிய நகர் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. அதற்கு மேலெழும் ரங்கலை மலைச்சாரல்களோ, நகர் மூழ்குவதற்கு நூறாண்டின் முன்னரே வேறோர் அழிவைக் கண்டவை. கோப்பித் தோட்டங்களின் அழிவே அது.

புதுமைகள் விரைந்து புகுங்காலத்தில் நிறுவனங்களை நடத்துவது எவ்வாறு என ஆராய்வோர், லூல்கந்துரத் தோட்டத்து ஜேம்ஸ் டெயிலரை எடுத்துக்காட்டுவர். கோப்பியின் முடிவை முன்னுணர்ந்து தேயிலை நட்டவர் என்பது அவர் கூற்று. இது பொருந்துமாறில்லை. டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல்; இலைநோய் மடுல்சீமையில் தோன்றியது 1869இல். வராத நோய்க்கு எவர் மருந்து தேடுவர்? கோப்பி செழித்திருந்தபோதே சிறியதொரு சோதனைக்கு இடங்கொடுத்து, அதனைக் கைவிடாது பேணியதே அத்தோட்டத்தின் சிறப்பு.

ஏனையோர்க்குச் செய்தி எட்டவில்லை என்பதற்கும் இடமில்லை. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் நோயுற்ற இலையை இங்கிலாந்துக்கு அனுப்ப, அது புதுவகைப் பூஞ்சணம் என அவ்வாண்டே துணியப்பட்டது. ஆயினும் சந்தையிற் கோப்பி விலை ஏறிற்று. விளைவின் குறையை விலை மறைத்தது. 1854 முதற் கண்டியிற் சங்கம் அமைத்துக் கூடிய துரைமாரிற் பலர் மேலும் காடழித்துக் கோப்பியையே நட்டனர்.

1880இல் மார்ஷல் உவார்ட் என்னும் இளம் அறிஞர் வந்து ஈராண்டளவு ஆராய்ந்தார். நோயின் நுண்வித்துகள் காற்றிற் பரவுவன என்றும், மலை முழுதும் இடையீடின்றி ஒரே பயிரை நட்டமை அதற்கு வாய்ப்பாயிற்று என்றும் கூறினார். துரைமார் வேண்டியது மருந்து, கிடைத்ததோ விளக்கம். நோய்முதல் கூறும் பரிகாரிக்கு ஊரில் மதிப்பில்லாமை புதிதன்று!

1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. அதன்பின் தேயிலைக்கு மாறியவர் பயிரை மட்டும் மாற்றினாரல்லர். கோப்பி பருவப் பயிர். தமிழகத் தொழிலாளர் பழம் பறிக்க வந்து ஊர் மீள்வர். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ளும் கைகள் வேண்டும். கிள்ளியதை வாட்டி, உருட்டி, உலர்த்த ஆலையும் வேண்டும். ஆலைக்கு இயந்திரம் வந்தது. குடும்பத்தோடு தங்கியவர்க்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. தேயிலை தழைத்தற்பொருட்டு நிலையாகக் குடியேறிய அவர்தம் வழியினரிற் பெரும்பாலார்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. டெயிலரைப் புகழும் நூல்கள் இம்மாற்றத்தை வெற்றி என்று எழுதுமிடத்து, இக்கணக்கு அவற்றிற் சேர்க்கப்படுவதில்லை.