உதட்டுக்கு இசைந்த சீவாளி

நாதசுரம் என்றால் நரசிங்கம்பேட்டையையும் ஆச்சா மரத்தையும் பேசுவோம். அந்த ஊர் வாத்தியத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வாசிப்பவரின் சுகதுக்கம் மரத்தைவிட, வாயில் வைத்து ஊதும் சீவாளியில்தான் அதிகம் இருக்கிறது.

திருக்கழுக்குன்றத்திலோ மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலிலோ சுவாமி புறப்படும்போது கவனியுங்கள். வாத்தியத்திலிருந்து மாற்றுச் சீவாளிகளும் ஓர் ஊசியும் கயிற்றில் தொங்கும். அலங்காரம் இல்லை, அவசரத் தேவை.

ஊதும் முனையைப் பற்றிய இந்தக் கவலை பிற வாத்தியங்களிலும் உண்டு. ஜாஸ் குழுவில் முதல் டிராம்போன் வாசிப்பவர் மேல்சுரங்களுக்காக ஆழம் குறைந்த ஊதுகிண்ணத்தைத் தேடுவார். அங்கே உலோகம் அசையாது, உதடுதான் அதிரும். இங்கே அதிர்வது நாணல் தட்டை. காவிரிக் கரையில் திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர்போனது. தட்டையைப் பதப்படுத்தி, மடித்து, நூல் சுற்றிக் கட்டுகிறார்கள்.

சீவாளி இறுக்கமாக இருந்தால் மேல்ஸ்தாயி கணீரென்று நிற்கும். ஆனால் ஒரு மணி நேர ராக ஆலாபனையில் உதடு மரத்துவிடும். தளர்வாக இருந்தால் கமகம் குழையும், உச்சியில் சுருதி சரியும். எச்சிலில் ஊறவைத்து, விரலால் அழுத்தி இதைச் சரிசெய்வார்கள். கடற்கரை ஈரத்தில் தட்டை இளகும், கோடை வெயிலில் விறைக்கும். செங்கல்பட்டில் சரியாயிருந்தது மாமல்லபுரத்தில் படுத்தலாம்.

நான் தளர்ந்த சீவாளியின் கட்சி. நீண்ட வீதியுலாவுக்கு உதடுதான் முதலில் வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் குருவின் சீவாளியை அப்படியே கேட்டு வாங்காதீர்கள். அவர் உதடு வேறு, உங்கள் மூச்சு வேறு.