கத்தரிக்கப்பட்ட நாளிதழ்: திரைப்பட விளம்பரச் சேகரிப்பும் சான்றின் மதிப்பும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றாய்வில் பழைய நாளிதழ் விளம்பரங்கள் முதன்மைச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று இல்லை. அதற்கு முற்பட்ட மௌனப்படங்களும் பெரும்பாலும் அழிந்தன. ‘கீசக வதம்’ வெளியான ஆண்டு 1916 முதல் 1918 வரை பலவாறு சொல்லப்படுகிறது. படம் மறைந்த நிலையில் அச்சுத்தாளே எஞ்சுகிறது. ஆயினும், அத்தாள் எவ்வடிவில் நம் கைக்கு வருகிறது என்பதை ஆய்வாளர் போதிய அளவு வினவவில்லை.

சேகரிப்பாளர் பலர் விளம்பரத்தை மட்டும் கத்தரித்து ஒட்டிவைக்கின்றனர். இதழின் பெயர், நாள், பக்க எண் ஆகியன அப்போதே போய்விடுகின்றன. ‘இன்று முதல்’ என்னும் தொடருக்குப் பொருள் தருவது இதழின் நாளே. அது நீங்கியபின் அத்தொடர் எந்த நாளையும் சுட்டாது. பின்பக்கச் செய்தித் துணுக்கைக் கொண்டு காலத்தை உய்த்துணரலாம் என்றாலோ, பசை அதனையும் மூடிவிடுகிறது.

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. இத்தகைய கூற்றை ஒரு வெற்றிவிழா விளம்பரம் மெய்ப்பிக்காது. அது கொட்டகைக்காரரின் கூற்று, விற்பனைக்காக எழுதப்பட்டது. இடையறாத ஓட்டத்தை அறிய, அடுத்தடுத்த நாள்களின் இதழ்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். கத்தரிப்புகளோ பெரும்பாலும் முதல் நாளையும் நூறாவது நாளையும் மட்டுமே காக்கின்றன. கூட்டம் குறைந்த வாரங்களைச் சேகரிப்போர் அரியர்!

விளம்பரத்தின் அளவும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அச்சுக்காகிதத் தட்டுப்பாட்டால் நாளிதழ்களின் பக்கங்கள் குறைந்தன. அக்காலச் சிறு விளம்பரத்தைத் தயாரிப்பாளரின் வறுமைக்குச் சான்றாகக் கொள்வது பிழையாகலாம். முழுப்பக்கமும் இருப்பின், அருகிலுள்ள நாடக, மருந்து விளம்பரங்களோடு ஒப்பிட்டு அதன் உண்மையான இடத்தை அளக்கலாம்.

இவற்றால் சேகரிப்பாளரின் பணி சிறுமையுறாது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தனிமனிதச் சேகரிப்பு இல்லையேல், 1994இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகமும் இல்லை. குறை மேற்கோள் காட்டும் நம்மிடமே உள்ளது. ‘தனியார் சேகரிப்பு’ என்று மட்டும் அடிக்குறிப்பிடும் ஆய்வேடுகள், கண்டது முழு இதழா, கத்தரிப்பா, நிழற்படமா என்பதையும், நாள் அச்சிலிருந்து பெறப்பட்டதா, சேகரிப்பாளரின் கையெழுத்திலிருந்து பெறப்பட்டதா என்பதையும் தெரிவித்தல் வேண்டும்.