திட்டக்குடியில் ஏறுங்கள், விருத்தாசலத்தில் இறங்குங்கள்!

எங்கள் சொந்தத்தில் யார் ஐரோப்பா போய் வந்தாலும் ஒரே பாட்டுதான். ஆற்றங்கரை, நூற்றாண்டுக் கோபுரம், பீங்கான் கடை, தெருவோரத்தில் ஒரு காபி. கேட்கும்போதெல்லாம் எனக்கு வாய் துறுதுறுக்கும். ஜெர்மனியில் மைசன் என்றோர் ஊர், 1710-லிருந்து பீங்கான் செய்கிறதாம். அதைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவழித்துப் பறக்கிறார்கள். பறக்கட்டும். ஆறு, கோபுரம், பீங்கான், பலகாரம் நாலும் எனக்குத் திட்டக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்தே கிடைக்கிறது. விசாவும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம்!

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். வெள்ளாற்றங்கரை வைத்தியநாதசாமிக்கு ஒரு கும்பிடு. அக்கரை வேறு மாவட்டம். இக்கரையில் நின்றே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆவி பறக்க நாலு இட்லி, காரச் சட்னி. ஏறினோம் பஸ்.

வழியில் பெண்ணாடத்தில் இறங்காமல் போகிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர். தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கச் சொல்லி அப்பர் வேண்டிக்கொண்ட தலம். எல்லாரும் முன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கருவறையின் பின்பக்கம் போங்கள். விமானம் யானையின் முதுகாக வளைந்து நிற்கும். தூங்கானை மாடம் என்ற பெயர் அதனால்தான். இதற்காகவே தனியாக ஒரு தடவை வரலாம்.

அடுத்தது விருத்தாசலம். உச்சிவேளையில் நடை சாத்துவதற்குள் உள்ளே போய்விடவேண்டும், அதனால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். திருமுதுகுன்றம் என்பது பழைய பெயர். செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில். இங்கே எல்லாமே அஞ்சு அஞ்சு: கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, நந்தி அஞ்சு, தீர்த்தம் அஞ்சு. படியிறங்கிப் போனால் தரைமட்டத்துக்குக் கீழே ஆழத்துப் பிள்ளையார், கோடையிலும் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறார். இருபத்தெட்டு ஆகமங்களுக்கும் ஒவ்வொன்றாக இருபத்தெட்டு லிங்கங்கள். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, கோபுர வாசல் சுவரை அண்ணாந்து பாருங்கள். பரத நாட்டியக் கரணங்கள் வரிசையாகச் செதுக்கியிருக்கும். சிதம்பரம், தஞ்சை என்று கரணச் சிற்பம் உள்ள கோயில்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று. அந்த வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கடந்து போகிறது ஊர்!

இந்தக் கோயிலில் பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். பணம் அனுப்பும் வசதி நம்மூரில் அப்போதே இருந்திருக்கிறது என்றேன். வீட்டுக்காரி சிரிக்கவில்லை, அவளுக்குப் பசி.

வாழை இலைச் சாப்பாடு, வத்தக்குழம்பு, கெட்டித் தயிர். அதைப் பற்றி இவ்வளவு போதும். ஏனென்றால் மனசு முழுக்க இந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் இருந்தது.

ஒரு பட்டறையில் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். கொலுவுக்கு முந்திய நேரம், தரையெல்லாம் வரிசை வரிசையாகப் பிள்ளையாரும் செட்டியாரும். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மட்டும் களி தடித்து ஒட்டிக்கொள்ளும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். பொம்மைக்கு உள்ளே காலியாக இருப்பது அதனால்தான். ஓர் அக்கா அச்சின் இரண்டு பாதியையும் மெல்லப் பிரித்தார். ஈரம் மினுங்க ஒரு முருகர். இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு கோடு. பிளேடால் வழித்து, ஈரப் பஞ்சால் ஒரு தடவு; கோடு போன இடம் தெரியவில்லை.

“சூளைக்குப் போனா வெடிக்காதாக்கா?”

“ஈரம் இருந்தாத்தான் தம்பி வெடிக்கும். காயவிடறதுதான் பாதி வேலை.”

பொம்மை மட்டுமில்லை. அகல் விளக்கு, டீ கப், வீட்டு மின்பெட்டியில் மாட்டுகிற வெள்ளைப் பீஸ் கேரியர் எல்லாம் இந்தப் பேட்டையில் பிறக்கின்றன. மைசனில் ஒரு கோப்பையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விளக்குப் போடுவார்கள். இங்கே விளக்கே வைக்கோல் மேல் குவியலாகக் கிடக்கிறது. இப்படியொரு தொழில் இருந்தும் ஊருக்குள் ஒரு நல்ல காட்சிக்கூடம் கிடையாது, அதுதான் எனக்கு ஆற்றாமை.

சாயங்காலம் தவல வடை. அரிசியும் பருப்புகளும் கொரகொரப்பாக அரைத்து, எண்ணெயில் பொன்னாகிற வரை விட்டு எடுப்பது. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. பல்லில் மிளகு ஒன்று கடிபட்டதும் டீயை உறிஞ்சவேண்டும். நான் எத்தனை தின்றேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இது முந்திரிச் சீமை வேறு, பக்கத்துக் கடையிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வறுத்த முந்திரியும் பைக்குள் ஏறிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். களவு போனதா, கடன் திரும்பவில்லையா, தாளில் பிராது எழுதி முருகனிடமே கட்டிவிடுகிறார்கள். ஸ்டேஷனைவிடக் கூட்டம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை நாளில் போங்கள், அப்போதுதான் பட்டறையில் கைகள் ஓடுவதைப் பார்க்கலாம். கோயிலைக் காலையில் முடித்துவிடுங்கள். பொம்மை சுற்றப் பழைய துணி எடுத்துப் போங்கள். முக்கியமாக, அந்த அக்காக்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.