எங்கே? எப்போது? – செல்பேசிக் கட்டத்துக்கு இரு கேள்விகள்

மே மாதத்து நண்பகல் ஒன்றில் நீங்கள் திருவான்மியூர்க் கடற்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடற்காற்று வீசத் தொடங்கிவிட்டது. நெற்றி வியர்வை உலர்கிறது. செல்பேசியை எடுத்துப் பார்க்கிறீர்கள். முகப்புத் திரையிலுள்ள சிறு கட்டம் "சென்னை, 39 டிகிரி" என்கிறது. பொய் சொல்வது உங்கள் உடலா, கட்டமா?

இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஆனால் கட்டம் முழு உண்மையைச் சொல்லவில்லை. அது எதை விட்டுவிட்டது என்று பார்ப்போம்.

செயலியைத் திறக்காமலேயே அதன் செய்தியை முகப்புத் திரையில் காட்டும் இக்கட்டத்துக்கு விட்ஜெட் என்று பெயர். 2009இல் வந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பு, இத்தகைய கட்டங்களை யார் வேண்டுமானாலும் உருவாக்க வழிவிட்டது. ஐபோனின் முகப்புத் திரையில் இவை 2020இல்தான் இடம் பெற்றன. இன்று வானிலை, நாள்காட்டி, ரயில், வங்கி என எதற்கும் கட்டம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் செய்தி கிடைப்பது இதன் பெரும் நன்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடுவதும் அதனால்தான்.

இக்கட்டங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். செல்பேசி தானே அறிந்த செய்திகளைக் காட்டுபவை ஒரு வகை. மணி, தேதி, மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்சாரம், நாமே எழுதிவைத்த வேலைப்பட்டியல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. எங்கிருந்தோ வரவழைத்த செய்தியைக் காட்டுபவை மற்றொரு வகை. வெப்பநிலை, மழை, பேருந்து வரும் நேரம் போன்றவை இவ்வகை. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. இரு வகையும் ஒரே தோற்றத்தில், ஒரே உறுதியான எழுத்தில் நம் முன் நிற்கின்றன!

முதற் கேள்வி: எங்கே? சென்னையின் வெப்பநிலை என்று ஒரே எண் கிடையாது. வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல்நீர் மெல்லத்தான் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. அது முதலில் தொடுவது திருவான்மியூர் போன்ற கரையோரத்தை. உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்கு அது பிந்தித்தான் போய்ச் சேரும். அந்த இடைவேளையில் ஊர் ஒன்றுதான், வெப்பநிலை இரண்டு. மழையிலும் இப்படித்தான். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. "சென்னை" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இரண்டாம் கேள்வி: எப்போது? கட்டம் ஒரு சன்னல் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது புகைப்படம். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் செல்பேசி விழித்தெழுந்து வலையைத் தொடர்பு கொள்ள வேண்டும். அதற்கு மின்சாரம் செலவாகும். ஆகவே அளவு வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் கட்டத்துக்குரிய வழக்கமான முறையில், 30 நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் புதுப்பிப்பு நடவாது. அடிக்கடி பார்க்கப்படும் கட்டத்துக்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 முதல் 70 முறைதான் என்கிறது ஆப்பிள். வலைத்தொடர்பு அறுந்தால் அதுவும் இல்லை. பெருமழை நாளில் தொடர்பு போய்விட்டால், கட்டம் காலையில் வாங்கிய வெயிலை மாலை வரை காட்டிக்கொண்டிருக்கக்கூடும். நமக்கு அது மிகவும் தேவைப்படும் நாளும் அதுதான்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர், பதிவேட்டில் இடமோ நேரமோ இல்லாமல் வெறும் "39" என்று எழுதினால் நான் கையெழுத்திட மாட்டேன். இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கைப் பாருங்கள்: நிலையத்தின் பெயர் இருக்கும், "காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரம்" என்ற குறிப்பும் இருக்கும். பழைய அறிக்கைகள் கடைப்பிடிக்கும் இந்த ஒழுக்கத்தைப் புதிய கட்டம் அழகுக்காகக் கைவிடுவது முன்னேற்றமா?

படங்களையும் சொல்ல வேண்டும். திருவான்மியூர்க் குப்பத்து மீனவர் ஒருவரின் செல்பேசியில் சூரியப் படம் சிரிக்கிறது. அதற்கு வானம் தெளிவு என்பது மட்டுமே பொருள். கடல் அமைதி என்று பொருளல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்பெருங்கடலில் எழுந்த புயலின் அலைகள், வெயில் காயும் நாளிலும் நம் கரைக்கு வந்து சேரலாம். அலை உயரத்தை முன்கூட்டிச் சொல்வதற்கென்றே ஐதராபாத்தில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இயங்குகிறது. அந்த எச்சரிக்கைக்குக் கட்டத்தில் இடமில்லை. மினுங்கும் மேகத்துக்கு இடமிருக்கிறது.

"மழை 30 சதவீதம்" என்பதும் இப்படியே. இத்தகைய பத்து நாட்களில் ஏறத்தாழ மூன்றில் மழை பெய்யும் என்பதே இதன் பொருள். குடையை எடுத்துச் செல்வதா என்று முடிவு செய்ய இது உதவும். ஆனால் மழை வராது என்ற வாக்குறுதியாக அதைக் கொள்ளக்கூடாது. 2021 டிசம்பர் 30 பிற்பகலில் சென்னையை நனைத்த கனமழை, வானிலை அறிஞர்களின் கணிப்புக்கே தப்பியது. கணிப்பின் ஐயத்தை மறைக்கும் கட்டம் அறிவியலை வளர்க்கவில்லை. அறிவியலின் மீதுள்ள நம்பிக்கையைத்தான் குறைக்கிறது.

நல்ல கட்டம் எப்படி இருக்க வேண்டும்? பெரிய எண்ணுக்குக் கீழே இரு சிறு வரிகள் போதும்: "மீனம்பாக்கம், பகல் 12.10". கணினி கணித்த எண்ணாயின் "கணிப்பு" என்ற ஒரு சொல். செய்தி பழையதாகிவிட்டால் எண் மங்கிப்போக வேண்டும். ரயில் கட்டமாயின் "அட்டவணைப்படி" என்பதா, "இப்போதைய நிலை" என்பதா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, நேர்மை போதும்.

மாணவர்களே, நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு வெப்பமானியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம், தினமும் காலை 8.30, பகல் 12, மாலை 5.30 மணிக்கு அதன் அளவையும் கட்டத்தின் எண்ணையும் அருகருகே எழுதுங்கள். வேறுபாடு எந்த வேளையில் அதிகம் என்று பாருங்கள். அதன் பிறகு அந்தக் கட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.