ஜான் கிரிஷாம்: பிடிக்கும், பிடிக்காது, அதற்குப் பிறகு?



உங்கள் ஆசிரியர் அறையில் ஜான் கிரிஷாம் என்ற பெயரை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "அவர் புத்தகத்த எடுத்தா கீழ வைக்க முடியாதே!" என்று ஒருவர் சொல்வார். அவர் வாயை மூடுவதற்குள், "ஒன்னு படிச்சா போதும், எல்லாத்தையும் படிச்ச மாதிரிதான்" என்று இன்னொரு குரல் வரும்.

எங்கள் பள்ளியில் இதுதான் நடந்தது. விடுமுறையில் படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்று உட்கார்ந்தோம். கிரிஷாம் பேச்சு வந்ததும் அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. தேநீர் ஆறிப் போனது. கடைசியில் எல்லாரும் வந்தபோது என்ன கருத்தோடு வந்தார்களோ அதே கருத்தோடுதான் எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை உறுத்தியது. கருத்துரைக் கட்டுரை எழுதச் சொல்லி, "ஏன் பிடித்தது, காரணம் எங்கே?" என்று மாணவர்களின் தாளில் சிவப்பு மையால் எழுதுகிறவர்கள் நாம். நாமே காரணம் சொல்லாமல் இரு கட்சியாகப் பிரிந்து நின்றால் எப்படி? அதனால் அன்று கேட்ட குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவருடைய நாவல்களோடு வைத்துப் பார்த்தேன். என் முடிவு உங்கள் முடிவாக இருக்க வேண்டியதில்லை.

ஆள் யார்?

1955-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர் கிரிஷாம். மிசிசிப்பியில் 1981-இல் சட்டப் படிப்பை முடித்து, சவுத்ஹேவன் என்ற ஊரில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தார். சில ஆண்டுகள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஒரு நாள் நீதிமன்றத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்த கொடுமையைச் சாட்சி சொல்வதைக் கேட்டார். இந்தப் பிள்ளையின் அப்பா அந்தக் கயவனைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நினைப்பிலிருந்து முளைத்ததுதான் முதல் நாவல் 'எ டைம் டு கில்'. விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போகும் முன் எழுதி எழுதியே அதை முடித்தார். பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1989-இல் ஒரு சிறு பதிப்பகம் 5,000 படிகள் மட்டும் அச்சிட்டது. 1991-இல் வந்த 'தி ஃபெர்ம்' அவர் தலையெழுத்தை மாற்றியது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 47 வாரங்கள் இருந்தது அந்த நாவல். பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு புத்தகம்.

குறை ஒன்று: "எல்லாம் ஒரே கதைதானே?"

இது பாதி உண்மை. ஓர் இளம் வழக்கறிஞர், எதிரில் பணமும் பலமும் உள்ள ஒரு பெரிய கை, நடுவில் ஏமாற்றப்பட்ட ஓர் ஏழைக் குடும்பம். இந்த அச்சில் அவர் பல தடவை வார்த்திருக்கிறார். பாத்திரங்களின் மனத்துக்குள் அதிகம் இறங்குவதும் இல்லை. 'தி ஃபெர்ம்' நாயகன் மிட்ச் கெட்டிக்காரன், உழைப்பாளி, பணத்தாசை உள்ளவன். அதற்கு மேல் அவனைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும் இல்லையா? 2001-இல் வந்த 'எ பெயின்டட் ஹவுஸ்' நாவலில் வழக்கறிஞரே கிடையாது. 1952-இல் ஆர்கன்சாவின் பருத்திக் காட்டில் ஏழு வயதுப் பையன் ஒருவன் பார்ப்பதும் கேட்பதும் மறைத்து வைப்பதும்தான் கதை. அதைப் படித்துவிட்டு, "இதுல கோர்ட்டே இல்லையே, ஏமாத்திட்டாரு" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. இதுதான் அவர் எழுதியதிலேயே நல்லது என்பவர்களும் உண்டு. ஒரே மாதிரி எழுதினால் அலுப்பு, மாற்றி எழுதினால் கோபம். அந்த அச்சைக் கேட்டு வாங்கியதில் வாசகர்களுக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

குறை இரண்டு: "முடிவு சப்புன்னு இருக்கு"

அன்று எங்கள் அறையில் அதிகம் கேட்டது இதுதான். நானும் முன்பு இதையே சொல்லியிருக்கிறேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

'தி ரெயின்மேக்கர்' 1995-இல் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்த காப்புறுதி நிறுவனத்தின் மீது, படிப்பை இப்போதுதான் முடித்த ஒரு வழக்கறிஞன் வழக்குப் போடுகிறான். பையன் இறந்து போகிறான். ஜூரிகள் கொதித்துப்போய், தண்டனை இழப்பீடாக 5 கோடி டாலர் கொடுக்கச் சொல்கிறார்கள். நாம் கைதட்டத் தயாராகும்போது அந்த நிறுவனம் திவாலாகிவிடுகிறது. தாய்க்கு ஒரு காசு வரவில்லை. அந்த இளைஞன் வழக்கறிஞர் தொழிலே வேண்டாம் என்று ஊரை விட்டுப் போகிறான்.

எங்கள் ஆசிரியை ஒருவர் இந்த முடிவைப் பற்றி மட்டும் மெதுவாகப் பேசினார். "எங்க அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்க ரெண்டு வருசம் கடிதம் எழுதினோம் டீச்சர். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பாரம் நிரப்பச் சொன்னாங்க. கடைசில அப்பாவும் இல்ல, பணமும் இல்ல. நான் படிச்ச கதையில இது ஒன்னுலதான் நிஜம் நடந்தது." அறை கொஞ்ச நேரம் அமைதியானது. அதுவரை "சப்புன்னு" என்று சொன்னவர் பிறகு அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

இதை வைத்து மற்ற நாவல்களைப் பாருங்கள். 'தி சேம்பர்' (1994): தாத்தாவைத் தூக்குமேடை போன்ற நச்சுவாயு அறையிலிருந்து காப்பாற்றப் பேரன் போராடுகிறான். அந்தத் தாத்தா வெள்ளை இனவெறிக் கூட்டத்தில் இருந்தவர், நாம் எளிதில் மன்னிக்கக்கூடிய ஆளும் இல்லை. கடைசி நிமிடத்தில் தடை உத்தரவு வரும் என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். வரவில்லை. 'தி அப்பீல்' (2008): ஊர்த் தண்ணீரில் நச்சைக் கலந்த நிறுவனம் வழக்கில் தோற்கிறது, 4 கோடியே 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அதன் முதலாளி என்ன செய்கிறார்? மிசிசிப்பியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பணத்தைக் கொட்டித் தனக்கு வேண்டிய ஒருவரை நீதிபதி ஆக்கிவிடுகிறார். கடைசியில் ஜெயிப்பவர் முதலாளிதான்.

ஆக, விறுவிறுப்பான நாவலின் வாக்குறுதி என்ன? நல்லவன் ஜெயிப்பான். கிரிஷாம் அந்த வாக்குறுதியைக் கொடுத்து 400 பக்கம் ஓட வைத்துவிட்டு, பல இடங்களில் கடைசியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். வயிறு எரிகிறது. அந்த எரிச்சலைக் கதையின் குறை என்று நாம் எழுதி வைக்கிறோம். சட்டத்தின் குறையாகவும் அது இருக்கலாம் அல்லவா? எல்லா நாவலுக்கும் இது பொருந்தாது. அவசரமாக முடித்த புத்தகங்களும் அவருக்கு உண்டு. ஆனால் அவருடைய நல்ல நாவல்களில் இந்த ஏமாற்றம்தான் அவர் சொல்ல வந்த செய்தி.

குறை மூன்று: "கதைய விட்டுட்டு பிரசங்கம் பண்றாரு"

இந்தக் குறையை நான் ஏற்கிறேன். 2014-இல் வந்த 'கிரே மவுன்டன்' நிலக்கரிச் சுரங்கங்கள் மலையை வெட்டிச் சாய்ப்பதையும் தொழிலாளர்களின் நுரையீரல் கருகுவதையும் பேசுகிறது. பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் நமக்குப் பாடம் நடத்துகிற பக்கங்கள் அதில் உண்டு. பாடம் நடத்துவது எப்படி இருக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்!

அதே கருத்து, அதே கோபம், கதை சொல்லும் ஒழுங்கோடு வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 'தி இன்னொசன்ட் மேன்' (2006) சாட்சி. இது நாவல் அல்ல, நடந்த கதை. ஓக்லஹோமா மாநிலத்தில் ரான் வில்லியம்சன் என்பவர் செய்யாத கொலைக்காக 1988-இல் மரண தண்டனை பெற்றார். தண்டனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது நிறுத்தப்பட்டது. 1999-இல் மரபணுச் சோதனை அவரை விடுவித்தது. ஐந்தே ஆண்டுகளில் இறந்து போனார். இங்கே பிரசங்கம் தேவைப்படவில்லை. தேதிகளே பேசிவிடுகின்றன.

நாங்கள் கேட்க மறந்த கேள்வி

முக்கால் மணி நேரம் சண்டை போட்டோமே, ஒரு கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. 'எ டைம் டு கில்' யாருடைய கதை?

பத்து வயதுக் கறுப்பினச் சிறுமி தோன்யா வெள்ளையர் இருவரால் சீரழிக்கப்படுகிறாள். அப்பா கார்ல் லீ அவர்களைச் சுட்டுக் கொல்கிறார். வழக்கு நடக்கிறது. ஜூரிகள் எல்லாரும் வெள்ளையர்கள். அதன் பிறகு நாம் பெரும்பாலும் வெள்ளை வழக்கறிஞர் ஜேக்கின் பின்னால்தான் போகிறோம். அவர் வீடு, அவர் பயம், அவர் பேர். தோன்யா மெல்ல மெல்லப் பின்னால் போய்விடுகிறாள். எந்தச் சிறுமியின் சாட்சியம் இந்த நாவலை எழுத வைத்ததோ, அந்தச் சிறுமிக்கே நாவலில் இடம் குறைவு.

தீர்ப்பு எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். அந்தச் சிறுமி வெள்ளைக் குழந்தையாக இருந்தால் என்று கற்பனை செய்து பார்த்த பிறகுதான் ஜூரிகளின் மனம் இளகுகிறது. கறுப்புக் குழந்தையின் வலி அது கறுப்பாக இருக்கும் வரை அவர்களுக்கு உறைக்கவில்லை. இதை இனவெறியின் மீது அடித்த அடியாகவும் படிக்கலாம், அதற்குக் கொடுத்த சலுகையாகவும் படிக்கலாம். எனக்கு இரண்டும் தெரிகிறது.

இன்னொரு செய்தி. நாவலில் அந்தக் கற்பனையைச் செய்யச் சொல்வது ஜூரி அறைக்குள் இருக்கும் ஒரு சாதாரணப் பெண். 1996-இல் வந்த திரைப்படத்தில் அதை வழக்கறிஞரின் கடைசி வாதமாக மாற்றிவிட்டார்கள். 'தி ஃபெர்ம்' படத்திலும் இதே கதைதான். நாவலில் மிட்ச் பணத்தோடு தப்பி ஓடி கரீபியன் கடலில் ஒளிந்து வாழ்கிறான். படத்தில் சட்டத்தை வைத்தே ஜெயித்து, வழக்கறிஞனாகவே வெளியே வருகிறான். திரைப்படம் நாயகனைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வகுப்பறைக்குக் கொண்டுபோகும் முன்

ஒரு எச்சரிக்கை: 'எ டைம் டு கில்' தொடக்கக் காட்சி மிகக் கொடூரமானது. மாணவர்கள் கையில் கொடுக்கும் நூல் அல்ல. பதின்மூன்று வயதுப் பையனை நாயகனாக வைத்து 2010-இல் அவர் தொடங்கிய 'தியோடர் பூன்' வரிசை கீழ்நிலை மாணவர்களுக்குப் பொருந்தும். மேல்நிலை மாணவர்களுக்கு 'தி ரெயின்மேக்கர்' கதைச் சுருக்கமே ஒரு நல்ல விவாதத்துக்குப் போதும்.

ஜூரி என்றால் என்ன என்பதை முதலில் விளக்குங்கள். நம் பிள்ளைகள் அதைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூர் 1969-இல் ஜூரி முறையை நீக்கச் சட்டம் இயற்றியது. மலேசியாவில் 1995-இல் அது முடிவுக்கு வந்தது. சட்டம் படிக்காத சாமானியர்கள் பன்னிரண்டு பேர் ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கிறார்கள் என்பது புரிந்தால்தான், கிரிஷாம் ஏன் இவ்வளவு பக்கங்களை அவர்களுக்குக் கொடுக்கிறார் என்பதும் புரியும்.

பிறகு "பிடித்ததா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்:

1. இந்தக் கதை உனக்கு எதைத் தருவதாகச் சொன்னது? கடைசியில் அதைத் தந்ததா?
2. தரவில்லை என்றால் அது எழுதியவரின் தவறா, அவர் காட்டிய உலகத்தின் தவறா? எந்த இடத்தை வைத்துச் சொல்கிறாய்?
3. இந்தக் கதையில் அதிகம் துன்பப்பட்டவர் யார்? அவருக்கு எத்தனை பக்கம் கிடைத்தது?

முதல் இரண்டு கேள்விகளுக்குக் கிரிஷாம் பல நாவல்களில் தேர்ச்சி பெறுவார். மூன்றாவதில் தடுமாறுவார். அவரை நான் தொடர்ந்து படிக்கிறேன். உங்களையும் படிக்கச் சொல்கிறேன், ஆனால் தோன்யா எங்கே என்று தேடிக்கொண்டே படியுங்கள்.

எங்கள் அறையில் அடுத்த தவணை மறுபடி உட்காரப் போகிறோம். இந்த முறை ஒரு விதி வைத்திருக்கிறோம். "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" இரண்டையும் யாரும் சொல்லக்கூடாது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்போம் என்று தெரியாது. நீங்களும் முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல ஓர் ஆசிரியை